கோடரியை எடுக்குமுன்: சபரகமுவத் தோட்டத்து மக்களுக்கு ஒரு திறந்த மடல்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் குடியிருந்து, லயத்துக்கு முன்னும் பின்னும் கிடைத்த கையகல மண்ணில் மரமும் கொடியும் வைத்து வளர்க்கும் தாய்மார்களே, பெரியோர்களே, இளைஞர்களே,



பூவோ தளிரோ பிஞ்சோ தன் இயல்பான உருவம் கெட்டு, சுருண்டும் தடித்தும் கொத்தாக முறுகியும் மரத்தில் தொங்குவதைக் காணும்போது நம்மவர் செய்யும் காரியங்கள் பெரும்பாலும் மூன்று. கண்பட்டுவிட்டது என்று எண்ணி மரத்தில் பழஞ்செருப்பையோ பூசணிக்காயையோ கட்டித் தொங்கவிடுவது முதலாவது. இதனால் மரத்துக்கு ஒரு நன்மையும் இல்லை, ஒரு தீமையும் இல்லையாதலால், அதைப் பற்றி விவாதிக்க நான் வரவில்லை. பட்டணத்துக் கடையில் மருந்து கேட்டு வாங்கி வந்து, மலைக்கு மருந்தடிக்கும் தம்பியின் முதுகுப் பம்பை ஒரு மாலைப்பொழுதுக்கு இரவல் பெற்று, மரம் நனையத் தெளிப்பது இரண்டாவது. அதுவும் பலிக்காதபோது கோடரியை எடுப்பது மூன்றாவது. பின்னைய இரண்டையும் செய்யத் துணியுமுன் நீங்கள் அறிந்திருக்க வேண்டிய சில விஷயங்களைச் சொல்லும் பொருட்டே இம்மடலை எழுதுகிறேன்.

மரத்தை வெட்டுவது யாருக்கும் சிறிய காரியமன்று. உங்களுக்கோ அது மிகப் பெரிய காரியம். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தபோதும் சரி, 1992 இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் போனபோதும் சரி, லயத்தடி மண் உங்கள் பெயருக்கு எழுதப்படவில்லை. ஆயினும், பாட்டன் நட்ட தென்னையும், பாட்டி கொட்டை ஊன்றி முளைக்க வைத்த மாமரமும், வேலியோரத்துக் கறுவாவும், எந்தக் காரியாலயத்து ஏட்டிலும் பதிவாகாதிருந்தும், இன்ன குடும்பத்து மரம் என்று தோட்டம் முழுவதும் அறியப்பட்டு, பெண்ணுக்குச் சீர் பேசும்போதும் அண்ணன் தம்பி பாகம் பிரியும்போதும் கணக்கில் வந்து நிற்கின்றன. அத்தகைய சொத்து ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு பிராணியின் காரணமாக, அப்பிராணி செய்த நஷ்டம் எவ்வளவு என்று ஒருவரும் ஆராயாமலே விறகாகிப் போவது எனக்குச் சம்மதமில்லை.

இத்தகைய விகாரங்களுள் ஒரு பெரும் பகுதிக்குக் காரணமாயிருப்பவை, மைற்றா என்று நம் விவசாய உத்தியோகத்தர்கள் வழங்கும் சிலந்தி வர்க்கத்துச் சூக்ஷ்மப் பிராணிகளுள், எரியோபைட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. தேயிலையைச் சிவக்கச் செய்யும் செஞ்சிலந்தியைக் கூர்ந்த பார்வையுடையோர் வெறுங்கண்ணாலேயே கண்டுகொள்வர்; இவற்றையோ எவ்வளவு கூர்ந்த கண்ணும் காணாது. நீளம் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. முன்புறம் தடித்துப் பின்புறம் ஒடுங்கிய புழுவொத்த உடல். சிறகு இல்லை, கண் இல்லை. சிலந்தி வர்க்கத்துக்கு உரிய எட்டுக் கால்களுக்குப் பதிலாக நான்கே கால்கள். இந்த நான்கு கால்கள் மேனாட்டு அறிஞர்களையே நெடுங்காலம் ஏமாற்றின. 1737 இல் பிரான்சு தேசத்து ரெயோமூர் என்பவர், லிண்டன் மரத்து இலைமீது கொம்பு போல எழுந்திருந்த முடிச்சுகளுக்குள் இவற்றைக் கண்டு, புழுக்கள் என்று கருதினார். பின்வந்தோர், இவை வேறேதோ பிராணியின் குஞ்சுகளாகவே இருத்தல் வேண்டும், மீதி நான்கு கால்களும் முளைத்த பின்னர் உண்மை உருவம் தெரியவரும் என்று எண்ணிக்கொண்டிருந்தனர். அந்தக் கால்கள் முளைக்கவே இல்லை. 1851 இல் துஜார்டான் என்னும் மற்றொரு பிரெஞ்சு அறிஞர்தாம், இவற்றின் உடலுக்குள் முட்டைகளைக் கண்டு, நான்கு கால்களோடேயே இவை முதிர்ந்துவிடுகின்றன என்று நிலைநாட்டினார். வேறு சிலர், இவை இலையில் எழுப்பும் மெல்லிய ரோமப் படலத்தைக் காளான் என்றே நம்பி, அதற்குப் பெயரும் சூட்டி, காளான்களின் பட்டியலில் சேர்த்துவிட்டனர். ஆகவே, மாமரத்தடியில் நின்று இது என்ன சாபமோ என்று நீங்கள் திகைத்தால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த ஆராய்ச்சியில் நம் பக்கத்து மண்ணுக்கும் பங்குண்டு. இலங்கையின் அரசாங்கப் பூச்சியியலாளராகப் பிற்காலத்தில் விளங்கிய ஏர்னஸ்ட் கிறீன், 1890 இலேயே தேயிலையின் முதிர்ந்த இலையை ஊதா படிந்த செம்பு நிறமாக்கும் மைற்றாவை இனங்கண்டு எழுதினார். அதுவும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே, ஆனால் முடிச்சுக் கட்டாமல் இலைமேல் அலைந்து திரியும் கிளை. சாவகத் தீவில் டொக்டர்ஸ் வான் லீவன் என்னும் ஒல்லாந்துத் தாவரவியலாளர் தம் மனைவியாரோடு காடும் மலையும் திரிந்து, பிராணிகளால் செடிகொடிகளில் உண்டாகும் முடிச்சுகளைத் திரட்டி, 1926 இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். நம் கறுவா இலையில் கொப்புளம் எழுப்பும் மைற்றாவுக்கு இன்றும் அவர்கள் குடும்பப் பெயரே வழங்குகிறது. எம். எஸ். மணி என்னும் தமிழர், ஆக்ரா நகரத்துக் கல்லூரியில் இருந்துகொண்டு, இத்தகைய முடிச்சுகளின் இயலைப் பற்றி 1964 இல் எழுதிய நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. நம் பிள்ளைகளுள் ஒருவர் அவ்வழியில் செல்லக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

இனி மையமான செய்திக்கு வருகிறேன். பூவிலும் தளிரிலும் தோன்றும் முடிச்சைக் கட்டுவது மைற்றா அன்று. மரமே அதைக் கட்டுகிறது. விரியாத மொட்டுக்குள் புகுந்த மைற்றா, ஊசியினும் மெல்லிய தன் வாயுறுப்பைத் தோலின் ஓர் அணுவறைக்குள் செலுத்தி உமிழ்நீரைச் சேர்க்கிறது; அந்த உமிழ்நீர் பட்ட மாத்திரத்தில், இதழாகவும் மகரந்தப் பையாகவும் ஆகவிருந்த இளந்தசை தன் நெறியை மறந்து, பெருகிப் பெருகித் தடித்து, புற உலகின் வெயிலும் மழையும் புகாத ஓர் அறையாகத் தன்னைத்தானே வகுத்துக்கொண்டு, அவ்வறையின் உட்சுவரில் சாறு நிறைந்த உணவையும் ஊறச் செய்கிறது. காகம் தன் கூட்டில் குயிற்குஞ்சை இரைகொடுத்து வளர்ப்பது போல, மரம் தன் பகைவனுக்குத் தானே வீடும் சோறும் கொடுத்து வைத்திருக்கிறது. அறை நிறைந்து, தசையும் முதிர்ந்து காயத் தொடங்கும்போது, உள்ளிருந்தவை வெளிவந்து காற்றில் மிதந்து வேறொரு மொட்டைத் தேடிப் போகின்றன. நூற்றில் தொண்ணூறு வழியிலேயே மடிந்தாலும் மீதி போதும்.

இவ்வகைச் சிருஷ்டி உங்கள் வீட்டுக்குப் புதியதென்று எண்ணாதீர்கள். பிள்ளை பெற்ற வீட்டில் உரைமருந்துக் கல்லில் வசம்போடும் சாதிக்காயோடும் இழைக்கும் மாசிக்காய், காய் என்று பெயர் பெற்றிருந்தாலும் எந்த மரமும் காய்த்த காயன்று. மேற்காசியாவின் ஓக் மரக் கிளையில் ஒரு சிறு குளவி முட்டையிட, அம்மரம் அதைச் சுற்றிக் கட்டிய முடிச்சே அது. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கடுக்காய்ப்பூவும் பூவன்று. கடுக்காய் மரத்தில் பூச்சியின் தூண்டுதலால் எழும் கொம்பு வடிவான வீக்கம். பழந்தமிழ் வைத்தியர் அவற்றின் பிறப்பு வரலாற்றை அறிந்திருந்தார்களோ இல்லையோ, மரம் தன் துவர்ப்பையெல்லாம் அங்கே திரட்டி வைத்திருக்கிறது என்பதை நாவினால் அறிந்திருந்தார்கள்.

முடிச்சு மரத்தின் வேலை என்பதை ஒப்புக்கொண்டால், அதிலிருந்து இரண்டு முடிவுகள் தாமாகவே பின்தொடரும். ஒருமுறை முறுகிய பூ, எந்த மருந்தாலும் மீண்டும் நேராகாது. தசையின் உருவம் மாறி முடிந்த பின், உள்ளிருக்கும் மைற்றா செத்தாலும் பிழைத்தாலும் அந்தப் பூவுக்கு ஒன்றே. நீங்கள் கண்ணால் கண்டு, கவலைப்பட்டு, கடைக்குப் போய், பம்பை இரவல் வாங்கித் தெளிக்கும் நாளில், அந்தப் பருவத்துக்குரிய கேடு முற்றாகச் செய்து முடிக்கப்பட்டிருக்கும். தெளித்த மருந்தும் பூட்டிய அறையின் புறச்சுவரை நனைத்ததோடு ஓய்ந்துவிடும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். அவருக்கு அது தெரியாமலும் இருக்கலாம். இன்னொன்று, முடிச்சுக் கட்டவல்ல தசை இளந்தசை ஒன்றே. நீங்கள் மலையில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகிறீர்களே, அந்தக் கொழுந்தின் பருவத்தையே இம்மைற்றாவும் எதிர்பார்த்திருக்கிறது; முற்றிய இலையில் அது வாய் வைத்தாலும் மரம் அதற்கு வீடு கட்டிக் கொடுக்காது. எனவே இதை வெல்ல வேண்டுமானால், துளிர் விடும் காலத்துக்கு முந்திய காலத்தையே குறிவைக்க வேண்டும். அந்தக் காலத்தில் மரம் பார்ப்பதற்கு ஆரோக்கியமாகத் தோன்றுவதனால் ஒருவரும் அதன் பக்கம் திரும்புவதில்லை என்பதுதான் துன்பம்.

விகாரமெல்லாம் நஷ்டமாகாது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆஷ் என்றொரு பெருமரம் உண்டு. நம் மலைகளை வெட்டித் தோட்டமாக்கிய துரைமாரின் ஊர்ப் பாதைகளில் வரிசையாக நிற்பது. அதன் ஆண் பூக்களுக்குள் இக்குலத்து மைற்றா ஒன்று புகுந்து, பூங்கொத்து முழுவதையும் கரும்பழுப்பு நிறக் கட்டிகளாக்கிவிடுகிறது. இலையெல்லாம் உதிர்ந்த குளிர்காலத்திலும் அக்கட்டிகள் கொத்துக் கொத்தாக மரத்தில் தொங்கி, வீட்டுக்காரரை அஞ்சச் செய்யும். ஆனால் தாக்கப்படுவது ஆண் பூவாதலாலும், அம்மரத்தை எவரும் காய்க்காக வளர்ப்பதில்லையாதலாலும், அழகு குன்றுவதன்றி மரத்துக்கு வேறு கேடு இல்லை. ஒன்றும் செய்யாதிருங்கள் என்பதே அந்நாட்டு மரவைத்தியர்களின் அறிவுரை.

நம் கறுவாவையும் ஏறக்குறைய இவ்வரிசையிலேயே நான் வைப்பேன். மழை தொடங்கிச் செந்தளிர் விடும் சமயத்தில் கறுவா இலை நெடுகிலும் கொப்புளங்கள் எழுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றை எழுப்புவோர் இருவர்: மேற்சொன்ன மைற்றா ஒருவர், திரையோசா என்னும் தத்துப்பேன் மற்றொருவர். கொப்புளத்தை நகத்தால் கீறிப் பார்த்தால், தத்துப்பேனின் குஞ்சு கண்ணுக்குத் தெரியும், மைற்றா தெரியாது. எவராயினும், கறுவாவில் விலைபோவது பட்டை. முதிர்ந்த புதரொன்றில் இலைகள் சில கொப்புளித்ததற்காக நஞ்சு தெளிப்பது, வருமானத்தைக் காப்பதற்குப் பதிலாகச் செலவைக் கூட்டுவதேயாகும். இலையிலிருந்து எண்ணெய் வடிப்போரும், நாற்றுமேடையில் இளங்கன்று வைத்திருப்போரும் மட்டும் சற்று எச்சரிக்கையாயிருத்தல் நலம். ஏனெனில் கன்றுக்கு இலையே முதல்.

தென்னையின் கதை வேறு. இங்கே நஷ்டம் மெய்யானது. 1965 இல், மெக்சிகோ தேசத்தின் கெரேரோ மாநிலத்திலிருந்து கிடைத்த தேங்காய்களைக் கொண்டு கலிபோர்னியாவின் கைஃபர் என்னும் அறிஞர் தென்னை மைற்றாவை முதன்முதல் விவரித்தார்; அம்மாநிலத்தின் பெயரே அதன் பெயராயிற்று. அமெரிக்க, ஆபிரிக்கக் கரைகளில் நெடுநாள் தங்கியிருந்த அது, 1997 ஆம் ஆண்டின் இறுதியில் நம் கற்பிட்டியில் தென்பட்டது; அடுத்த ஆண்டே கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலும் தமிழ்நாட்டிலும் கண்டறியப்பட்டது. இது முடிச்சுக் கட்டுவதில்லை. இளந்தசையை நாடும் சுபாவத்தில் மட்டும் முடிச்சுக் கட்டும் தன் உறவினரை ஒத்தது. தென்னையின் பெண்பூ கருவுற்றுக் குரும்பட்டியான பின்னும் அதன் இதழ்கள் உதிர்வதில்லை. தொப்பி போலக் காம்படியில் கவிந்து நிற்கும். பூவைக் காத்த அந்த இதழ்களுக்கும் பிஞ்சுக்கும் இடையில், பிஞ்சு பருக்கப் பருக்க, மயிரிழையளவு இடைவெளி விழுகிறது. அதன் வழியே நுழைந்த மைற்றா, பிஞ்சின் வளரும் தசை முழுவதும் அந்தத் தொப்பியின் அடியிலேயே இருப்பதால், தனக்கு வேண்டிய கொழுந்துத் தசையை வெயில் படாமல் மழை படாமல் உறிஞ்சத் தொடங்குகிறது. முதலில் தொப்பியின் ஓரத்தில் முக்கோண வடிவான வெளிறிய தழும்பு ஒன்று தெரியும். பிஞ்சு வளர்ந்து கீழிறங்க இறங்க, அது பழுப்பாகி, தக்கை போலத் தடித்து, வெடித்துப் பிசின் கசியும். சில குரும்பட்டிகள் உதிரும். தங்கியவை சிறுத்தும் ஒருபக்கம் சூம்பியும் முதிரும். மட்டை இறுகிவிடுவதால் உரிப்பதற்கும் கைவலி.

இதற்குப் பரிகாரம் தேடிய வரலாற்றை நீங்கள் அறிந்தால், நஞ்சின் மேலுள்ள நம்பிக்கை தானே தளரும். தெளிக்கும் மருந்து தொப்பிக்குள் செல்லாது என்று கண்டு, மரத்தின் உடலுக்குள்ளேயே மொனோகுரோட்டோபோஸ் என்னும் கடும் நஞ்சைச் செலுத்தும் முறையையும் ஆராய்ச்சியாளர் கையாண்டனர். உண்ணும் காயுள்ள மரத்தில் அத்தகைய நஞ்சை நெடுநாள் ஓடவிட முடியுமா? லுணுவிலையிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனத்தார், பாம் எண்ணெயும் கந்தகமும் சேர்ந்த கலவையை இளங்குலைகளின்மேல் படும்படி தெளிக்கும் முறையை அதற்கு மாற்றாகப் பரிசோதித்துக் கண்டனர். அது பயன் தருவதே. ஆனால் அறுபது அடி உயரத்து மரத்தில் மாதந்தோறும் பம்போடு ஏறுபவர் யார்? பின்னர் அவர்கள் திரும்பிய திசையே என் அபிப்பிராயத்தில் சரியானது. அதே தொப்பிக்குள், நியோசெயுலஸ் பராக்கி என்னும் வேறொரு மைற்றா தானாகவே வாழ்ந்து, தென்னை மைற்றாவைத் தின்று வருவதைக் கண்டு, அதைப் பெருக்கித் தோப்புகளில் விடத் தொடங்கினர். தட்டையான, நீண்ட உடல் படைத்த அந்த வேட்டைக்காரனுக்கு அந்த இடுக்கில் புகும் வசதி வாய்த்திருக்கிறது. கண்டபடி மருந்தடித்தால் முதலில் மடிவது அவனே. மேலும், தென்னை மைற்றா மூர்க்கமாகப் பெருகுவது வறண்ட வலயத்திலும் இடைவலயத்திலும், நெடிய வெயில் காலத்திலுமேயன்றி, ஆண்டு முழுவதும் மழை விட்டு விட்டுப் பொழியும் நம் சபரகமுவவில் அதற்கு அத்துணை வாய்ப்பு இல்லை. காற்றோட்டமில்லாமல் நெருக்கி நட்டு, உரமோ நீரோ காட்டாமல் பட்டினி போட்ட தென்னைக்கு மைற்றா வந்தால், குற்றத்தை மைற்றாவின் மேல் மட்டும் சுமத்துவது நீதியன்று.

மாமரத்தைப் பற்றிச் சொல்லும்போது நிதானம் இன்னும் வேண்டும். பூங்கொத்து முழுவதும் குட்டையாகி, பச்சை மாறாத தடித்த கட்டியாகத் திரண்டு, காய் பிடியாமல் மரத்திலேயே காயும் ஒரு வியாதி 1891 இல் பீகாரின் தர்பங்காவில் கண்டறியப்பட்டது. வட இந்தியாவின் மாந்தோப்புகளை இன்றளவும் வாட்டுவது அது. அதற்குக் காரணம் சத்துக் குறைவு என்றனர் சிலர். வைரஸ் என்றனர் சிலர். அந்தக் கட்டிகளுக்குள் எப்போதும் காணப்பட்ட மாமர மைற்றாவே குற்றவாளி என்று பல்லாண்டு பழி சுமத்தினர் வேறு சிலர். அம்மைற்றாவுக்கு 1946 இல் எகிப்தில் பெயரிட்டாயிற்று. பழியும் பெயரோடு சேர்ந்து வளர்ந்தது. 1966 இல் சும்மன்வார், ராய்சௌதுரி முதலிய இந்திய ஆராய்ச்சியாளர், பியூசேரியம் என்னும் பூஞ்சணமே காரணம் என்று காட்டினர். பிற்கால ஆராய்ச்சிகள் மைற்றாவை முற்றிலும் விடுதலை செய்யவில்லை: பூஞ்சணத்தின் வித்துகளைத் தன் உடலில் ஒட்டிச் சுமந்து மொட்டுக்குள் கொண்டு சேர்ப்பதும், அது கடித்த இடத்தில் பூஞ்சணம் எளிதில் வேர்கொள்வதும் உண்மை. திருடனல்லன், திருடனுக்குச் சுமை தூக்கியவன். இதற்குச் செய்யத்தக்கது ஒன்றே: கட்டி தோன்றிய கிளையை, அதற்கு ஒரு முழம் கீழே நல்ல மரத்தில் வெட்டி, உடனே எரித்து, கத்தியைச் சுத்தம் செய்தபின் அடுத்த கிளைக்குப் போவது. இன்னுமொன்று, உங்கள் மாமரம் பூத்துக் கொட்டிக் காயாமற்போவதற்குப் பெரும்பாலும் காரணம் இவ்வியாதியன்று. பூக்கும் சமயத்தில் பெய்யும் மழையோடு வந்து பூங்கொத்தைக் கருக்கும் வேறு பூஞ்சணமே இந்த ஈரமண்ணின் மாமரங்களுக்குத் தலையாய எதிரி. மொட்டு முறுகவில்லை, கருகித்தான் விழுகிறது என்றால் மைற்றாவை மறந்துவிடுங்கள்.

முறுகியதெல்லாம் மைற்றாவும் அன்று. கேகாலைப் பக்கத்தில் மிளகுக் கொடியின் இலையோரம் குழல்போல் சுருண்டு தடித்திருந்தால், பிரித்துப் பாருங்கள். கரிய சிறு இலைப்பேன்கள் ஓடும். ஆற்றோரத்துப் புங்கமரத்தில், காயாக நீள வேண்டிய பூ உருண்டு திரண்டு பச்சை மணியாக நின்றால், அது ஒரு சிற்றீயின் கைவேலை. அதே புங்கின் இலையில் பயறு பயறாக எழும் முடிச்சுகளோ மைற்றாவின் காரணமாக எழுந்தவை. ஒரே மரத்தில் இருவர். மருந்துக் கடையில் இருவருக்கும் ஒரே போத்தல்.

அந்தப் போத்தலைப் பற்றிச் சிறிது கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை உறங்கும் லயத்தில், பூட்டி வைக்க இடமில்லாத ஒரு நச்சுப் போத்தல் கட்டிலடியில் கிடப்பது, மரத்தில் மைற்றா இருப்பதைவிட ஆயிரம் மடங்கு ஆபத்தானது. 1995 இல் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயிருந்தது. அவ்வாண்டில் மொனோகுரோட்டோபோஸ் முதலிய கடும் நஞ்சுகளும், 1998 இல் எண்டோசல்பானும் விற்பனையிலிருந்து தடைசெய்யப்பட்டன. 2005 ஆம் ஆண்டளவில் அவ்வீதம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. மனிதர் மனம் அந்தப் பத்தாண்டில் மாறிவிடவில்லை. கைக்கெட்டிய தூரத்தில் நஞ்சு இல்லாமற்போயிற்று, அவ்வளவே. ஒரு கண நேரத்துக் கோபத்துக்கும் சாவுக்கும் இடையில் நஞ்சற்ற வீடு ஒரு காவலாய் நிற்கிறது என்பதை எந்தத் தோட்டத்துத் தாய்க்கும் நான் விளக்கத் தேவையில்லை. பூவை நிமிர்த்தும் வல்லமையற்ற மருந்துக்காக அந்தக் காவலைக் கலைக்காதீர்கள்.

அப்படியானால் என்ன செய்வது? பாருங்கள், அதுவே முதல் வேலை. இரத்தினபுரியில் கல் வியாபாரிகள் கண்ணருகே பிடித்து மாணிக்கத்தைச் சோதிக்கும் பத்து மடங்கு வில்லை, இதற்கும் போதுமானது. முறுகிய மொட்டைப் பிளந்து வெயிலில் பிடித்து வில்லையால் நோக்கினால், மெல்ல ஊரும் வெண்துகள்கள் தெரியும், தெரிந்தால் மைற்றா. தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இத்தகைய வில்லை இரண்டோ மூன்றோ வைத்திருந்து, பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் கிளைகளை வகுப்பில் பிளந்து காட்டினால், ஒரு தவணைக்குள் அந்தத் தோட்டத்தின் மரங்களெல்லாம் பரிசோதிக்கப்பட்டுவிடும்.

அடுத்தது கவ்வாத்து. இதை உங்களுக்குக் கற்பிக்க முற்படுவது என் அறியாமையாகும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிப் புதுத்துளிர் வரவழைக்கும் கைகள் உங்களுடையவை. முறுகிய கிளைகளை, துளிர்க்கும் பருவத்துக்கு முன், காய்ந்து உள்ளிருப்பவை வெளியேறுமுன், வெட்டி அன்றே எரிக்க வேண்டும் என்பதை மட்டும் கூட்டிச் சொல்கிறேன். வெட்டிய கிளையை வேலியில் போட்டுவைத்தால், வெட்டாதிருந்ததே மேல். நம் இறம்புட்டானுக்கு நெருங்கிய உறவான லைச்சி மரத்தின் இலையிலும் பூமொட்டிலும் செம்பட்டுப் போன்ற ரோமப் படலத்தை எழுப்பும் மைற்றாவை, இந்தியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 2018 முதல் புளோரிடாவிலும் எதிர்த்து வருவோர், பழம் பறித்து முடிந்தவுடன் மரத்தை நன்றாகக் கவ்வாத்துச் செய்து, புதுத்துளிர் எழும்போது நீரில் கரைத்த கந்தகத்தைத் தெளிக்கும் முறையையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். லயத்து வாசலில் மல்லிகை வைத்திருக்கும் தாய்மாருக்கும் இது பயன்படும்: மல்லிகையின் இலையிலும் மொட்டிலும் வெண்கம்பளி விரித்தாற்போலப் படரும் படலம் இதே குடும்பத்து மைற்றாவால் எழுவது; அந்தக் கொடிகளை ஒட்ட வெட்டி எரித்துவிட்டு, புதுத்துளிருக்குக் கந்தகம் தெளித்தால் பூ மீளும். கந்தகத்தை உச்சி வெயிலில் தெளிக்கலாகாது; துளிர் வெந்துபோகும்.

எதிலும் சந்தேகம் எழுந்தால், கறுவா, மிளகு, சாதிக்காய் ஆகியவற்றுக்கு ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் உத்தியோகத்தரையும், மா, பலா போன்றவற்றுக்குக் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரையும் கேளுங்கள். தோட்டத்து லயங்கள் தம் எல்லைக்குள் அடங்கா என்று சிலர் கைவிரிப்பதுண்டு. துண்டுப் பிரசுரம் சிங்களத்தில் மட்டுமே இருக்கிறது என்று வேறு சிலர் சொல்வதுண்டு. 1987 ஆம் ஆண்டு முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழில் பதில் கேட்பது எவரும் உங்களுக்கு அளிக்கும் சலுகையன்று. தனித்தனியே போகாமல், லயத்துக்கு ஒருவராகச் சேர்ந்து, கிளையையும் காயையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். பொருளைக் கண்முன் வைத்துக் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அனுப்புவது எந்த உத்தியோகத்தருக்கும் கடினம்.

வருகிற பெருமழைக்கு முன் வேலை நிறைய இருப்பதால், ஒன்றை மட்டும் இப்போதே தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தென்னையடியில் உதிர்ந்து கிடக்கும் குரும்பட்டிகளை ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளைக் கொண்டு கூட்டி எரித்துவிடுங்கள். கோடரியைப் பொறுத்தவரை, வில்லையால் பார்த்து, ஒருமுறை கவ்வாத்துச் செய்து, இரண்டு பூப்பருவம் பொறுத்த பின்னும் மரம் தேறவில்லையானால், அப்போது வெட்டுங்கள், நானும் மறுக்கமாட்டேன்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
பழைய தோட்டப் பாடசாலை ஆசிரியன்